ரசமட்டம்

மெல்ல விட்டால் எந்தப் பந்தும்
ஜன்னலோர மூலைக்கே போகும்.
சமாதானபுரத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு
இது தெரியும்.
தெரியாதவன் காசைத் தெரிந்தவன் எடுப்பான்.

டிசம்பர் வெள்ளம்
துணிக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்று
யோசித்துவிட்டுப் போனது.
அன்றிலிருந்து இந்தச் சரிவு.
ஓர ரப்பரும் செத்துப்போச்சு.
முட்டிய பந்து
கடன் கேட்கப் போனவன் மாதிரித் திரும்புகிறது.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குவோம் வே"
என்கிறான் ஆவுடையப்பன்.
கடையில் பாதி அவனுடையது,
கடனிலும்.
கல்யாணப் பத்திரிகைக் கவரின் முதுகில்
கணக்குப் போட்டுக் காட்டினான்:
கோயம்புத்தூர் மேசை ஒன்று நாற்பது,
லாரி தனி, இறக்குகூலி தனி,
பழசுக்கு ஒன்பதாயிரம் கழிவு.

ஒன்பதாயிரமா.
உள்ளே கிடப்பது மூன்று கல்,
கல்லுக்கு நாலு ஆள்.
இறக்கிய அன்று
பாளை மார்க்கெட் சுமைகாரர் ஒருத்தர்
மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:
"உள்ள யாருய்யா படுத்திருக்கா?"

ரிப்பேர் என்றால் முப்பத்தெட்டு.
துணி, ஆறு பக்க ரப்பர், பைகளுக்கு வலை,
மதுரையிலிருந்து சவரிராஜுக்கு பஸ் காசு,
இரண்டு வேளைச் சாப்பாடு.
காலேஜுக்கு மட்டம் போடுகிற பிள்ளைகளால்
நடக்கிற கடை இது.
மேசையாவது மட்டமாக இருக்க வேண்டாமா?

பதினோரு நாள் பேசினோம்.
பேச்சு என்றால்
நான் "ரிப்பேர்" என்பேன்,
அவன் டீயை ஆற்றுவான்.

சவரிராஜ் வந்து துணியை உரித்தான்.
கல் மேல் நீலச் சாக்பொடி, ஒரு செத்த கரப்பான்.
ரப்பர் கழன்ற இடுக்கில்
ஒரு மூக்குத்தித் திருகு.
மூக்குத்தி போட்ட யாரும்
இங்கே ஆட வந்ததில்லை.
ஆவுடையப்பன் அதை எடுத்துச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
நான் கேட்கவில்லை.

கல் மேல் ரசமட்டம் வைத்தான்.
குமிழி ஜன்னலை விட்டு எதிர்ப்பக்கம் ஓடியது.
"பாத்தியா?" ஆவுடையப்பன் குரலில்
கோயம்புத்தூர் லாரியே வந்து நின்றது.

சவரிராஜ் குனிந்தான்.
ரசமட்டத்தைத் தரையில் வைத்தான்.
அதே பக்கம், அதே அளவு.
வாசலில் வைத்தான், கல்லாவுக்குக் கீழே வைத்தான்.
"மேசை மேல தப்பில்லண்ணே.
கடைதான் சாஞ்சிருக்கு."

புதுசு வந்திருந்தாலும்
பந்து அதே மூலைக்குத்தான் போயிருக்கும்,
கூடவே ஒன்று நாற்பதும்.
கட்டிடத்துக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார்.
தரை என்று தொடங்கினால்
வாடகையில் முடிப்பார்.
ஜன்னலோரக் கால் இரண்டுக்கும் அடியில்
பித்தளைத் தகடு கொடுத்தான் சவரிராஜ்.
குமிழி நடுவுக்கு வந்தது.
நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிற மாதிரி.

வியாழக்கிழமை ஜஸ்டஸ் சார் வந்தார்.
வாரம் ஒரு மணி நேரம், தனியாக ஆடுவார்.
புதுத் துணியைத் தடவிப் பார்த்தார்.
எப்போதும்போல இரண்டு விரல் தள்ளிக் குறிவைத்தார்.
பதினாலு அடி.
விழுந்தது ஒன்று, அதுவும் நினைக்காத பையில்.
"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்று
முழு மணிக்குக் காசு வைத்துவிட்டு
அரை மணியில் போனார்.

மட்டம் போட்ட பிள்ளைகள்
கல்லாவுக்கே வந்து கேட்டார்கள்:
"அந்தத் தகட்ட மட்டும் எடுத்துருங்கண்ணே."

இப்போது அதைத்தான் பேசுகிறோம்.
ரிப்பேர் கேட்ட நான் எடுத்துருவோம் என்கிறேன்.
புதுசு கேட்டவன்
"இருக்கட்டும் வே, காசு குடுத்துருக்கோம்" என்கிறான்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கறுப்புப் பந்தை ஒரு விரலால் தள்ளினேன்.
நாலு சாண் ஓடி
வழி கேட்க ஆளில்லாத மாதிரி நின்றது.

வெளியே ஆவுடையப்பன்
பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது உதையில்தான் கிளம்பும்,
பத்து வருஷமாக.
அதை மாற்றணும் என்று
அவன் சொல்லி நான் கேட்டதில்லை.